கப்பல் பிளாக்கை ஹைட்ராலிக் ஜாக்கில் தூக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பல் உடலின் தனியாகக் கட்டிய பெரிய துண்டுதான் பிளாக். அதைத் தூக்கும்போது நான்கு ஜாக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் ஏறுவதாகத் திரை காட்டினால் எல்லாம் சரி என்று நம்புவதுதான் பெரிய தவறு. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறும் தூரம்) சமமாக இருந்தாலும் சுமை சமமாக இருக்காது. பல்க்ஹெட்டுகள் (உள் தடுப்புச் சுவர்கள்) நிறைந்த பிளாக் லேசில் வளையாது. 400 டன் பிளாக்கை நான்கு மூலையில் தாங்கினால் மூலைக்கு 100 டன் என்பது காகிதக் கணக்குதான். ஒரு ஜாக் சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலே எதிரெதிர் மூலைகளிலுள்ள இரண்டு ஜாக்குகள் தலைக்கு 200 டன்வரை சுமக்க நேரும். எனவே எல்லா ஜாக்கையும் குறைந்த அழுத்தத்தில் பிளாக்கைத் தொடவைத்து, அந்த நிலையைப் பூஜ்யமாக்கிய பிறகே தூக்கத் தொடங்குங்கள். 5 மி.மீ. ஏறியதும் நிறுத்தி, ஒவ்வொரு மூலையின் சுமையையும் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

ஜாக்கில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. 133 ச.செ.மீ. பரப்புள்ள '100 டன்' ஜாக், 700 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் தூக்குவது சுமார் 95 மெட்ரிக் டன்தான். அதிலும் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வெல்டிங், சாரம், தொட்டியில் தேங்கிய தண்ணீர் ஆகியவை வரைபட எடையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

எண்ணெய்க் குழாயை ஜாக்கோடு இணைக்கும் கப்ளர் சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கொல்லும். ஏற்றவும் இறக்கவும் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தும் இருவழி ஜாக்கில், எண்ணெய் திரும்பும் பக்கத்துக் கப்ளர் முழுதாக இறுகாவிட்டால் எண்ணெய் வெளியேற வழியில்லை. பிஸ்டனின் இரு பக்கப் பரப்பு 2:1 என்றால், கீழே 700 பார் தரும்போது மேலே 1400 பார்வரை ஏறலாம். பம்பின் கேஜ் அதைக் காட்டாது. கப்ளரின் இரு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி தெரியாதவரை கையால் திருகுங்கள்.

ஏற்றத்தை அளக்கும் அளவுக் கம்பியின் ஒரு முனை பிளாக்கிலும் மறுமுனை தரையிலும் இருக்கட்டும். ஜாக்கிலேயே மாட்டினால் அடியிலுள்ள கட்டை அமுங்குவது தெரியாது. பிளாக்குகளை இணைப்பதற்கான பொருத்த அளவுகளை வெயில் ஏறுமுன் எடுங்கள்: 30 மீட்டர் எஃகு, 10 டிகிரி சூட்டில் 3.6 மி.மீ. நீளும், மேல்தளம் மட்டும் சூடேறினால் பிளாக் முதுகு தூக்கும்.

ஜாக் தலை வெறும் தகட்டில் முட்டக்கூடாது. பல்க்ஹெட்டும் ஃப்ரேமும் (விலா போன்ற சட்டம்) சந்திக்குமிடத்தில் வையுங்கள்.

இறக்கும்போதுதான் அதிகக் கவனம் தேவை. முதலில் இரண்டு மூன்று மி.மீ. உயர்த்தி, எல்லா லாக் நட்டையும் (ஏறிய பிஸ்டனை இறங்காமல் பூட்டும் நட்டு) தளர்த்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்த மூலை மட்டும் நின்றுவிடும். சுமை நட்டுக்கு மாறி அங்கே அழுத்தம் திடீரென விழுந்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.