கர்ப்ப காலச் சாப்பாடும் பால் பல்லும்: நேரம் தப்பும் இடங்கள்

குழந்தைக்கு ஈறு தடித்து எச்சில் ஒழுகத் தொடங்கினால்தான் நம் வீடுகளில் பல்லைப் பற்றிய பேச்சே வரும். அதற்குள் அந்தப் பல்லின் வேலை பெருமளவு முடிந்திருக்கும். கர்ப்பத்தின் இரண்டாவது மாதத்திலேயே பால் பல்லின் குருத்து உருவாகிவிடுகிறது. நாலாவது மாதவாக்கில் சுண்ணாம்புச் சத்து ஏறி அது கெட்டிப்படத் தொடங்குகிறது. இந்த விஷயத்தில் பெரும்பாலான தவறுகள் நேரக் கணக்கில்தான் நடக்கின்றன.

மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 14வது வாரத்திலிருந்து தினம் இரண்டு கால்சியம் மாத்திரை, தலா 500 மி.கி., பிரசவமாகி ஆறு மாதம் வரை என்பது அரசின் வழிகாட்டுதல். கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். மறந்துவிடுமே என்று எல்லாவற்றையும் ராத்திரி ஒரே வாயில் விழுங்குபவர்கள் நிறையப் பேர். கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது. இரண்டு கால்சியத்தை ஒரே நேரத்தில் போட்டால் அதுவும் முழுசாகச் சேராது. காலை டிபனுக்குப் பிறகு ஒரு கால்சியம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று, மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ நல்லது.

கால்சியம் சேர வைட்டமின் டி வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கர்ப்பிணிகளுக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவர்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் எனாமல் (பல்லின் கெட்டியான மேல் உறை) குறைபாடு, வழக்கமான அளவு பெற்றவர்களின் குழந்தைகளைவிடக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்காக நீங்களாகவே மருந்துக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், அளவை மருத்துவர் சொல்லட்டும். சாப்பாட்டில், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. குங்குமப்பூவுக்குக் கொட்டுகிற காசில் பாதியைப் பாலுக்கும் முட்டைக்கும் செலவழித்தால் பிள்ளையின் பல்லுக்காவது உதவும். நிறத்துக்கு அது எப்படியும் உதவப்போவதில்லை.

ஒவ்வொரு பிரசவத்துக்கும் தாய்க்கு ஒரு பல் போகும் என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. சாப்பாட்டில் போதாவிட்டால் எலும்பிலிருந்துதான் எடுக்கும். பல் கெடுவதற்குக் காரணம் வேறு. மசக்கையில் அடிக்கடி வாந்தி வரும். அந்த அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும்போதே வாய் நாற்றம் தாங்காமல் உடனே பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்துவிடுவார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கினால் போதும்.

சொத்தை இருந்தால் “பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. கர்ப்பத்தில் பல் வைத்தியம் செய்துகொள்ளலாம்; நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை அதற்கு வசதியான காலம். எந்த மருத்துவரிடம் போனாலும் கர்ப்பம் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் அந்த மாதங்களில் உருவாகும் பால் பல்லில் நிரந்தரமாகக் கறையை ஏற்றிவிடும். இன்னொன்று, அம்மாவின் வாயில் உள்ள சொத்தைக் கிருமி எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகும். சூடு பார்க்கிறேன் என்று ஸ்பூனை வாயில் வைத்துவிட்டு அதிலேயே ஊட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

பல் முளைத்த பிறகு பெரிய எதிரி ராத்திரிப் பால்தான். சர்க்கரையோ கற்கண்டோ போட்ட பாட்டிலைக் கொடுத்துத் தூங்க வைத்தால், தூக்கத்தில் எச்சில் குறைந்து, குடித்த பால் பல்லின் மேலேயே தங்கிவிடுகிறது. கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக்கொள்ளும், அடி விழுவது மேல் முன்பற்களுக்கு. மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறை ஒட்டிச் சாக்பீஸ் நிறத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்திலேயே போனால் தடுத்துவிடலாம், பழுப்பாகிக் குழி விழுந்தால் அடைக்கத்தான் வேண்டும். முதல் பல் எட்டிப் பார்த்ததுமே அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட்டில் காலையும் ராத்திரியும் துலக்கிவிடுங்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

‘விழப்போகிற பல்தானே’ என்று விடுகிறவர்களுக்கு: கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றை நாலு வயதில் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பின்னால் வரும் நிரந்தரப் பல் கோணலாக முளைக்கலாம்.