கூப்பிட்டுப் பார்த்துப் பெயர் வையுங்கள்

பிள்ளை பிறந்ததும் 'ய'வில் வை, 'த'வில் வை என்று சாத்திரி சொல்லிவிடுவார், அதற்குப் பிறகு வீடே போனும் கையுமாகப் பெயர் தேடும். தேடுங்கள், இலங்கையில் பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. ஆனால் ஒரு பெயர் பிடித்துவிட்டால் பொருளுக்கு முன்னால் அது எந்த மொழி என்று பாருங்கள். கமால் அரபியில் நிறைவு, கமல் வடமொழியில் தாமரை, நடுவில் ஒரு கால்தான் வித்தியாசம். ஜப்பானியப் பெயர் யூகிக்குப் பனி என்றும் பொருள் வரும், மகிழ்ச்சி என்றும் வரும், அவர்கள் எந்த எழுத்தில் எழுதுகிறார்களோ அதைப் பொறுத்தது. எந்த மொழியிலும் அகப்படாத ஒரு பெயருக்கு இணையத்தில் 'இளவரசி' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி, பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு மொழி மொழியாகப் போவது. அமைதி வேண்டுமா, சாந்தி நம்மிடமும் சிங்களவரிடமும் உண்டு, கிரேக்கத்தில் ஐரீன், சுவாஹிலியில் அமானி. அறிவுக்குக் கிரேக்கத்தில் சோபியா, சிங்களத்தில் நுவன். ஒளிக்கு அரபியில் நூர். பொன்னுக்குச் சிங்களத்தில் கசுன், அதற்கு நம் பொன்னம்மாவும் பொன்னையாவும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை.

சரி, பெயர் முடிவானதா? பதியப் போகும் முன் ஒரு கடதாசியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். குகன் என்றால் நமக்கு ஒரே 'கு'தான், ஆங்கிலத்தில் கே போட்டும் எழுதலாம், ஜீ போட்டும் எழுதலாம், சிங்களத்திலும் அதற்கு இரண்டு எழுத்து இருக்கிறது. எங்கள் அண்ணனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் கே, பாடசாலையில் ஜீ. அடையாள அட்டை எடுக்கும்போது இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அப்பா ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்குமாக அலைந்து, பெயருக்காக மூன்று நாள் பேரை விட்டார் (தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்றுதான் சொல்வது).

அப்புறம் வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். கீழே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் விளையாடுகிற பிள்ளைக்குக் கேட்க வேண்டும். நிலா, மாயா மாதிரி நெடிலில் முடிகிற பெயர் இழுத்துக் கூப்பிட வசதி, ஐந்தாறு எழுத்துக்கு மேல் போனால் எப்படியும் 'பாப்பா'தான். அம்மாயியையும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ஐரீன் இரண்டே நாளில் 'ஐராணி' ஆகிவிட்டாள், இப்போது எங்கள் வரிசை வீடுகள், அந்த லயமே அப்படித்தான் கூப்பிடுகிறது.