ரெக்கார்டில் 40320, ஸ்கிரீனில் -25216: கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

முதல் வருஷம், சி லேப், ஃபேக்டோரியல் ப்ரோகிராம் (1லிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது). எங்கள் லேபில் இருந்தது டர்போ சி என்ற பழைய கம்பைலர் (எழுதிய ப்ரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றுவது), அந்த நீலத் திரையை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 5 கொடுத்தேன், 120 வந்தது. 7 கொடுத்தேன், 5040. 8 கொடுத்ததும் -25216 என்று வந்து நின்றது. பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், சீனியர் ரெக்கார்டுல 40320னு இருக்கு, அதையே எழுதிடு, சைன் வாங்குற நேரத்துல எதையும் கிளறாத" என்றான். எழுதினேன். சிவப்பு மையில் டிக் விழுந்தது, பத்துக்குப் பத்து.

அந்த மைனஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. டர்போ சியில் ஒரு இன்ட்டுக்கு, அதாவது ஒரு முழு எண்ணுக்கு, 16 பிட்தான் (0 அல்லது 1 வைக்கும் 16 கட்டம்) இடம், அதில் 32767க்கு மேல் கொள்ளாது, மேலே போனால் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் வந்துவிடும். 16 பிட்டில் மொத்தம் 65536 எண்கள்தான் அடங்கும், 40320லிருந்து அந்த 65536ஐக் கழித்துப் பாருங்கள், சரியாக -25216. கம்ப்யூட்டர் எண்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்ற பாடம் அன்றைக்கு என் கண் முன்னால் தானாக வந்து நின்றது, நான் அதை ஒதுக்கிவிட்டு ரெக்கார்டுக்கு பார்டர் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஃப்ரெஷர்களை நேர்காணல் செய்யும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பி.இ., பி.டெக்., பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று எல்லாரும் வருகிறார்கள், பெரும்பாலும் நம் ஊர் தனியார் கல்லூரிப் பிள்ளைகள். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே தவற்றைத்தான் வேறு வேறு வேஷத்தில் செய்துவிட்டு வருகிறார்கள்: ஸ்கிரீனில் தப்பு வந்தால் அதைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவது.

முதலில் லேப். ரெக்கார்டைப் பார்த்து டைப் அடித்து, அவுட்புட் வந்ததும் ஷட் டவுன் செய்துவிட்டு கேன்டீனுக்குப் போவதை லேப் என்று சொல்ல முடியாது, அது டைப்பிங் வகுப்பு. ப்ரோகிராம் ஓடிய பிறகுதான் லேபே ஆரம்பிக்கிறது. பூஜ்யம் கொடுத்தால் என்ன ஆகும்? மைனஸ் கொடுத்தால்? எண் கேட்கும் இடத்தில் பெயரைக் கொடுத்தால்? எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப்பில் அந்த ஆம்பர்சண்ட் (&) குறியை வேண்டுமென்றே எடுத்துவிட்டால்? பத்து நிமிஷம் இப்படி உடைத்துப் பார்க்கிறவனுக்கு, பத்து ப்ரோகிராமை வரி மாறாமல் ஒப்பிக்கிறவனைவிட அதிகம் தெரியும்.

உங்கள் லேபில் இன்னும் டர்போ சிதான் என்றால் லேபுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டிலும் அதையே தேடிப்பிடித்துப் போடாதீர்கள். டர்போ சி++ 1990களின் தொடக்கத்தில் வந்தது, சி++ மொழிக்கு முதல் தரநிலை வந்ததே 1998இல்தான். ஜிசிசி என்ற சி கம்பைலர் இலவசம், லினக்ஸ் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அப்புறம் அந்த "ஐ ப்ளஸ் ப்ளஸ் கூட்டல் ப்ளஸ் ப்ளஸ் ஐ, விடை என்ன" (i++ + ++i) கேள்வியை மனப்பாடம் செய்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். சி மொழியின் தரநிலையே அதற்கு விடை கிடையாது என்கிறது, கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். அதைத் தேர்வில் கேட்பது வேறு விஷயம், கேட்டால் எழுதிவிட்டு வாருங்கள்.

எரர் மெசேஜைப் படிக்காமல் இருப்பது இன்னொரு தவறு, இதில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சிவப்பில் நாலு வரி ஆங்கிலம் வந்ததுமே "நமக்கு இங்கிலீஷ் வராது, அதான் கோடிங்கும் வராது" என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையில் கம்பைலர் திரும்பத் திரும்பப் பேசுவது நூறு சொல் கூடத் தேறாது, ஒரு மாசத்தில் பழகிவிடும். நாற்பது எரர் வந்தாலும் முதல் எரரை மட்டும் பாருங்கள், மீதி பல நேரம் அதன் குட்டிகள். சொன்ன வரியில் தப்பு எதுவும் தெரியவில்லை என்றால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள், ஒரு செமிகோலன் அங்கே விட்டுப்போயிருக்கும். மெசேஜைப் படித்து, அது என்ன சொல்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள், பாதி நேரம் சொல்லி முடிப்பதற்குள் விடை தெரிந்துவிடும்.

மொழி தாவுவது. முதல் செமஸ்டரில் சி, விடுமுறையில் யூட்யூபில் பைத்தான், மூன்றாவது செமஸ்டரில் ஜாவா, ஒரு சீனியர் சொன்னார் என்று ஜாவாஸ்கிரிப்ட், எல்லாவற்றிலும் ஃபார் லூப் வரைக்கும். ரெஸ்யூமில் ஏழு மொழி இருக்கும், "இதில் எது நன்றாகத் தெரியும்" என்று கேட்டால் ஒன்றும் இருக்காது. ஏதாவது ஒன்றில் ஃபைல் படிப்பது, எரரைக் கையாள்வது, ஐந்நூறு வரிக்கு மேல் எழுதிச் சிக்கிக்கொள்வது வரைக்கும் போய்ப் பாருங்கள். அடுத்த மொழிக்கு சில வாரங்கள் போதும்.

வீடியோ விஷயமும் இதோடு ஒட்டியதுதான். என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் இலவசமாகவே கிடக்கின்றன, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். நல்ல பாடங்கள். ஆனால் தலையை ஆட்டிக்கொண்டே பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், அங்கேதான் ஏமாறுகிறோம். லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தைக் காட்டும் பட்டியல்) ஒரு நோடை, அதாவது ஒரு கட்டத்தை, நீக்குவது பற்றி அரை மணி நேரம் பார்த்தீர்கள் என்றால், மூடிவிட்டு வெறும் ஃபைலைத் திறந்து எழுதுங்கள். நடுவில் உள்ள நோடை நீக்க வந்துவிடும். முதல் நோடை நீக்கச் சொன்னால் திணறுவீர்கள், ஏனென்றால் அங்கே பட்டியலின் தொடக்கத்தைக் காட்டும் ஹெட்டே மாற வேண்டும். ஒரே ஒரு நோடு இருந்து அதையும் நீக்கினால்? லிஸ்ட்டே காலியாக இருந்தால்? பேப்பரில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, எந்த அம்பை முதலில் மாற்ற வேண்டும் என்று விரல் வைத்துப் பாருங்கள். வரிசை மாறிப்போனால் மீதி லிஸ்ட் கையைவிட்டுப் போய்விடும். இதை வீடியோவில் அவர் சொல்லியிருப்பார், உங்கள் கையில் அது நடந்திருக்காது.

கணக்கைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். "வேலைக்குப் போனா கணக்கு எதுக்கு" என்று டிஸ்க்ரீட் மேத்ஸையும் ப்ராபபிலிட்டியையும் பாஸ் மார்க்குக்கு மட்டும் படிக்கிறார்கள். உங்கள் வகுப்பில் 60 பேர் இருந்தால், அதில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே தேதியில் பிறந்தநாள் வர வாய்ப்பு 99 சதவீதத்துக்கும் மேல். 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல். நம்பாதவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுப் பாருங்கள். இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை, ஹாஷ் டேபிள் (ஒவ்வொரு சாவிக்கும் கணக்குப் போட்டு ஒரு கட்டம் ஒதுக்கும் அட்டவணை) பெரும்பாலும் காலியாகக் கிடக்கும்போதே ஏன் இரண்டு சாவி ஒரே கட்டத்தில் மோதுகிறது என்பதற்குக் காரணம் இதேதான்: 365 கட்டம், 23 சாவி, மோதல் வர பாதிக்கு மேல் வாய்ப்பு. பத்து லட்சம் பெயர் அகரவரிசையில் உள்ள பட்டியலில் பைனரி சர்ச் ஏன் இருபது ஒப்பீட்டில் முடிகிறது என்பதும் கணக்குதான், பாதி பாதியாக வெட்டிப் பாருங்கள். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இதை இரண்டாம் வருஷத்திலேயே ஒழுங்காகப் படித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் பிடிக்க முடியாத பகுதி இதுதான்.

அடுத்தது ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), நெட்வொர்க்ஸ், டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்). இவற்றை வரலாற்றுப் பாடம் மாதிரி படிக்கிறோம். அண்ணா பல்கலைக்கழகப் பேப்பரில் பத்து டூ மார்க், ஐந்து பதிமூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க், அதற்கேற்ற மாதிரி ஐந்து யூனிட்டையும் கட்டுரையாக்கி வைத்துக்கொள்கிறோம். தேர்வுக்கு அது சரி, நானும் அப்படித்தான் பாஸானேன். ஆனால் ஃபோர்க் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமை, அதாவது ப்ராசஸை, இன்னொன்றாக நகல் எடுப்பது) என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர், மூன்று ஃபோர்க்கை அடுத்தடுத்துப் போட்டு ஒரு தடவை "வணக்கம்" அச்சிடச் சொன்னால் எத்தனை வணக்கம் வரும் என்று ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். எட்டு வரும். இப்போது இன்னொன்று: அச்சிடச் சொல்லும் ஒரு ப்ரின்ட்எஃப், புது வரிக்குப் போகச் சொல்லும் ஸ்லாஷ் என் இல்லாமல், அதற்குக் கீழே ஒரு ஃபோர்க். அச்சிட்டது ஃபோர்க்குக்கு முன்னால், அதனால் ஒரு தடவைதானே வர வேண்டும்? இரண்டு தடவை வரும். அந்த எழுத்துகள் இன்னும் திரைக்குப் போகாமல் பஃபரில் (தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவிடம்) காத்திருந்தன, ஃபோர்க் பஃபரையும் சேர்த்தே நகல் எடுத்துவிட்டது. இதை ஒரு தடவை சொந்த லேப்டாப்பில் பார்த்துத் தலையைச் சொறிந்தவருக்கு ப்ராசஸ் என்றால் என்ன என்பது ஆயுசுக்கும் மறக்காது. டிபிஎம்எஸ்ஸும் அப்படித்தான், நார்மல் ஃபார்முக்கு (டேபிளைப் பிரிக்கும் விதிகள்) டெஃபனிஷன் எழுதுவதற்கு முன்னால் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் உங்கள் ஹாஸ்டல் மெஸ் கணக்கை ஒரே டேபிளில் போட்டுப் பாருங்கள், ஒருவர் ரூம் மாறினால் எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் டேபிளை ஏன் பிரிக்கிறார்கள் என்று தானாகப் புரியும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இருக்கிறது, "மார்க் முக்கியம் இல்ல, ஸ்கில்தான்" என்று சொல்லிக்கொண்டு அரியர் மேல் அரியராக வைப்பவர்கள். கேம்பஸுக்கு வரும் நிறையக் கம்பெனிகள் 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது என்று முதல் வடிகட்டலைப் போடுகின்றன. உங்கள் ஸ்கில்லைக் காட்ட அந்த அறைக்குள் முதலில் நுழைய வேண்டும். முதல் செமஸ்டர் கணக்கில் விழுந்த அரியரை உடனே முடித்துவிடுங்கள், ஏழாவது செமஸ்டர் வரை இழுத்தால் அது குட்டி போடும்.

இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவதை என்னவென்று சொல்ல. கோடு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்குக் கேள்வி பதில் வரைக்கும் பேக்கேஜாகவே கிடைக்கிறது. நேர்காணலில் ப்ராஜெக்ட் பற்றி நான் கேட்பது ஒரே கேள்விதான்: "இதில் உங்களை ரொம்பப் படுத்தின இடம் எது?" சொந்தமாகச் செய்தவர் உடனே புலம்ப ஆரம்பிப்பார், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். வாங்கினவர் "அப்படி எதுவும் இல்ல சார், ஸ்மூத்தா போச்சு" என்பார். ஸ்மூத்தாகப் போன ப்ராஜெக்டை நான் இதுவரை பார்த்ததில்லை. அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டை ஒரு சின்ன ப்ரோகிராமாக மாற்றி, அதை அவர் ஒரு வாரம் பயன்படுத்தி "இது எனக்கு ஒத்துவரல" என்று திட்டினால் கூட, வாங்கின ஃபேஸ் ரெகக்னிஷனைவிட அது பல மடங்கு மேல். அந்த ப்ரோகிராமை பென்டிரைவில் "ஃபைனல்", "ஃபைனல்2", "ஒரிஜினல் ஃபைனல்" என்று வைக்காமல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் போட்டு வையுங்கள்.

ஏஐ பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து லேப் அசைன்மென்ட் எல்லாம் ஒரே மாதிரி அழகாக வருகிறது. பயன்படுத்தாதே என்று சொல்ல மாட்டேன், நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் படிக்கிற காலத்தில் கேள்வியைக் கொடுத்து விடையை ஒட்டினால் அது சீனியர் ரெக்கார்டுதான், வேகமாகக் கிடைக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். முதலில் நீங்கள் எழுதுங்கள், தப்பாகவே எழுதுங்கள், அப்புறம் "இது எந்த இன்புட்டில் உடையும்" என்று அதனிடம் கேளுங்கள். அது சொன்ன இன்புட்டைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் அதுவும் சில நேரம் தப்பாகச் சொல்லும்.

போன முறை வந்த ஒரு பெண்ணிடம் அதே ஃபேக்டோரியலைத்தான் எழுதச் சொன்னேன். ஜிசிசியில் இன்ட் பெரும்பாலும் 32 பிட், 12 வரைக்கும் சரியாக வரும். 13 கொடுக்கச் சொன்னேன், 1932053504 என்று வந்தது. மைனஸ் இல்லை, பார்க்க நம்பும்படியாகவே இருந்தது. பல பேர் "கரெக்ட் சார்" என்று சொல்லும் இடம் இது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இது தப்பு, 5க்கு மேல எல்லா ஃபேக்டோரியலும் பூஜ்யத்துலதானே முடியணும், இது 4ல முடியுதே" என்றார். கால்குலேட்டர் கூட எடுக்கவில்லை. நான் கேட்காமலே 14 கொடுத்தார், 13க்கு வந்ததைவிடச் சின்ன எண் வந்தது, சிரித்துவிட்டார். இன்ட்டுக்குப் பதிலாக 64 பிட் உள்ள லாங் லாங் போட்டு 20 வரை கொண்டுபோனார், 21இல் மறுபடி உடைந்தது. "பைத்தான்ல இது வராது சார், அது எப்படி வச்சுக்குது?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். எண்ணைத் துண்டு துண்டாக அர்ரே மாதிரி வைத்துக்கொண்டு, நாம் ஸ்லேட்டில் பெருக்கிய மாதிரி மீதியை அடுத்த கட்டத்துக்குக் கடத்துகிறது என்று சொன்னேன். அதை சியில் எழுத ஐம்பது வரி போதும், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். நூறு ஃபேக்டோரியல் வரைக்கும் போய்ப் பாருங்கள், மொத்தம் 158 இலக்கம் வரும், கடைசியில் 24 பூஜ்யம் இருக்கும். ஒன்று குறைந்தாலும் உங்கள் ப்ரோகிராமில் எங்கேயோ தப்பு இருக்கிறது.