பழைய வள்ளம் வாங்கப் போறீங்களா? முதல்ல தளப்பலகையைத் தூக்குங்க

போன மாசம் மைத்துனர் மகன் ஒரு மரவள்ளத்தை விலை பேசிட்டு வந்து நின்னான். "மாமா, பெயிண்ட் பளபளன்னு இருக்கு, எஞ்சின் ஒரே சுத்துல கிளம்புது. முன்பணம் குடுத்துரட்டா?"

"உள்ள இறங்கிப் பாத்தியாடா?"

"உள்ள என்ன மாமா இருக்கு, வெறும் பலகைதானே."

அந்த வெறும் பலகைக்காகத்தான் இதை எழுதுறேன். எனக்குப் பாம்பன் தெற்குவாடி. சின்னதா இருந்தா வத்தை, பெரிசா இருந்தா வள்ளம்னு சொல்வோம். 2004 சுனாமிக்கு அப்புறம் கரையெல்லாம் ஃபைபர் படகு நிறைஞ்சிருச்சு, மரவேலை தெரிஞ்ச ஓடாவிமாரும் குறைஞ்சிட்டாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்ட ஆள் கிடைக்காது. நாமளே பாத்துக்க வேண்டியதுதான்.

டார்ச், முனை மழுங்காத ஒரு திருப்புளி, சின்ன சுத்தியல், இவ்வளவு போதும். லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு இறங்குங்க. விக்கிறவர் எந்த இடத்தைக் காட்டி "அங்க ஒண்ணும் இல்லண்ணே"ங்குறாரோ, அங்கதான் முதல்ல போகணும்.

பெரும்பாலும் அது அணியமா இருக்கும், அதாவது வள்ளத்தோட முன்மூக்கு. தளப்பலகையைக் கழட்டிட்டு, ரெண்டு பக்கத்துப் பலகையும் கூடுற மூலையில டார்ச் அடிங்க. கடல் தண்ணி மரத்தை அழுக வைக்கும்னு வெளியாட்கள் நெனப்பாங்க. உண்மை நேர்மாறு. உப்பு ஊறின மரத்தை அழுகல் சீக்கிரம் பிடிக்காது, மழைத்தண்ணிதான் எமன். நான் அதைக் காசு குடுத்துப் படிச்சவன். ஐப்பசி பிறந்ததும் வள்ளத்தைக் கரையேத்தி, பத்திரமா இருக்கட்டும்னு தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிருவேன். ஓட்டை வழியா மழை இறங்கி மூலையில தேங்கினது எனக்குத் தெரியாது, உள்ளே காத்தும் போகல. அப்படி ரெண்டு மூணு மழைக்காலம் போச்சு. ஓடாவி வந்து குத்தினப்போ திருப்புளி பிடி வரைக்கும் இறங்கிருச்சு. அவர் திட்டக்கூட இல்ல, "இத மூடி வச்சது யாரு?"ன்னு மட்டும் கேட்டார்.

குத்துறதுலயும் ஒரு முறை இருக்கு. சும்மா குத்தி எடுத்தா ஒண்ணும் தெரியாது. நார் ஓடுற போக்குக்குக் குறுக்கா முனையை லேசா இறக்கி, நெம்புங்க. நல்ல மரம்னா நீளமா ஒரு சிராய் 'படக்'னு சத்தத்தோட எழும்பும். அழுகினதுன்னா சத்தமே வராது, ரஸ்க் மாதிரி துண்டு துண்டா உதிரும். அயினி மரத்துப் பலகையா இருந்தா பல வருசம் கழிச்சும் அந்தப் 'படக்' கேட்கும்.

அடுத்து வங்கு, வள்ளத்துக்கு விலா எலும்பு மாதிரி. பூவரசு, கருவேலம்னு தானா வளைஞ்ச கிளையாப் பாத்து வெட்டியிருப்பாங்க, அப்போதான் வளைவு கூடவே நாரும் வளைஞ்சு ஓடும். நேர்க்கட்டையை வளைவா அறுத்துப் போட்டிருந்தா, நார் நடுவுலயே அறுந்து நிக்கும். அலையில விழுந்து விழுந்து அந்த இடத்துலதான் பிளக்கும். வங்கை விரலால் தடவிக்கிட்டே போங்க, தலைமுடி மாதிரி மெல்லிசான வெடிப்பு கையில தட்டுப்படும்.

ஆணியைச் சுத்திக் கறுப்பு வளையமும், கீழே துருக்கோடும் இருந்தா "ஆணி அழுதிருக்கு"ன்னு சொல்லுவோம். ஒண்ணு ரெண்டு அழுதா மாத்திக்கலாம், வரிசையா அழுதா மாத்துறதுக்குள்ள பலகையே சல்லடை ஆயிரும். இரும்பு ஆணிக்குப் பக்கத்துல செப்புத் தகடு அடிச்சிருக்கான்னும் பாருங்க. ரெண்டும் உப்புத்தண்ணியில சேர்ந்து கிடந்தா இரும்பைத்தான் அரிக்கும்.

இப்போ பலகை இடுக்கு. அதை அடைக்கிற கலப்பத்து வெளியில இருந்துதான் அடிக்கணும்: பஞ்சுத் திரியை உளியால இடுக்குல செலுத்தி, மேல எண்ணெயில காய்ச்சின குங்கிலியத்தைப் பூசுவாங்க. கடல் வெளியில இருந்து உள்ளே அமுக்கும், அமுக்க அமுக்கத் திரி இறுகும். உள்பக்கம் பூச்சு தெரிஞ்சா, யாரோ ஒழுகுறதை அவசரத்துக்கு மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம், தண்ணி அதைத் தள்ளிட்டு வந்துரும். அடியில சிமெண்ட் போட்டு மெழுகியிருந்தா விலையே பேசாதீங்க. மரத்து மேல ஃபைபர் ஒட்டியிருந்தாலும் உள்பக்கத்தை ரெண்டு மடங்கு கவனமாக் குத்திப் பாருங்க, ஈரம் உள்ளேயே மாட்டிக்கிட்டு மரம் பொத்துப்போயிருக்கும்.

மரந்துளைக்கிற புழுவைக் கண்ணால பிடிக்கிறது கஷ்டம். பேருதான் புழு, உண்மையில சிப்பி ஜாதி. வெளியில ஊசி முனை அளவு ஓட்டை, உள்ளே விரல் பருமனுக்குக் குகை. அதனால வள்ளத்துக்கு அடியில முதுகெலும்பு மாதிரி ஓடுற ஏரா முழுக்கவும், தண்ணிக்குள்ள நிக்கிற அடிப்பலகையிலும் சுத்தியலால தட்டிக்கிட்டே போகணும். கெட்டி மரம் 'டக் டக்'ங்கும், துளைச்சது காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி கேட்கும்.

எஞ்சின் அடிக்கட்டையையும் அதே போல ஒரு குத்து, ஒரு தட்டு. பதிவுச் சான்றுல இருக்கிற எண்ணும் படகுல எழுதின எண்ணும் ஒண்ணான்னு பாத்துக்கோங்க.

கடைசியா ஊறவைக்கிறது. ரொம்ப நாள் கரையில கிடந்த வள்ளத்துல இடுக்கு வழியா வெளிச்சமே தெரியும், அதுக்குப் பயப்பட வேண்டாம், மரம் சுருங்கியிருக்கு. தண்ணியில இறக்கிப் போட்டுட்டு, தினமும் காலையில எத்தனை வாளி இறைக்கிறோம்னு எண்ணுங்க. மரம் ஊறி உப்ப உப்ப வாளி குறையணும்.

மைத்துனர் மகனும் அப்படித்தான் எண்ணினான். முதல் நாள் இருபத்திரண்டு வாளி, ரெண்டாம் நாள் இருபது, நாலாம் நாள் இருபத்தொண்ணு. விக்கிறவர், "மரம் இன்னும் ஊறணும் தம்பி"ன்னார். "ஊறட்டும்ணே, ஊறினதும் சொல்லி விடுங்க"ன்னு சொல்லிட்டு வாளியை எடுத்துக்கிட்டு வந்துட்டான்.