‘என் இனிய பொன் நிலாவே’: ஒற்றை கிட்டாருடன் மேடையில் பாடும் முறை

ஆடி மாதத்தில் கூழ் வார்த்த இரவு வடசென்னை ராயபுரத்துத் தெருக்களில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிகளில், குத்துப் பாட்டுகளுக்கு நடுவே யாரேனும் சீட்டில் எழுதிக் கொடுத்துக் கேட்கும் பாடல்களில் ஒன்று ‘என் இனிய பொன் நிலாவே’. பாலு மகேந்திரா இயக்கி 1980இல் வெளியான ‘மூடுபனி’ படத்துக்காகக் கங்கை அமரன் எழுதி, இளையராஜா இசையமைத்து, கே. ஜே. யேசுதாஸ் பாடியது இது. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். கீபோர்டு, ரிதம் பேடு எல்லாம் சேர்த்து இதை வாசிப்பதைவிட ஒரே ஒரு கிட்டாரோடு பாடுவதுதான் மெட்டுக்குப் பொருந்துகிறது என்று பல மேடைகளுக்குப் பிறகு நான் உணர்ந்தேன்.

முதலில் சொற்களை ஒதுக்கிவிட்டு மெட்டை மட்டும் கற்க வேண்டும். பாடல் நடபைரவி ராகத்தின் சாயலில் அமைந்தது. கீபோர்டில் ஏ என்ற கட்டையிலிருந்து அடுத்த ஏ வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் அந்த ராகத்தின் சுரங்கள் கிடைத்துவிடும். அதில் ரிஷபத்துக்கும் (ரி) காந்தாரத்துக்கும் (க) இடையிலும், பஞ்சமத்துக்கும் (ப) தைவதத்துக்கும் (த) இடையிலும் அரைச் சுர இடைவெளிதான் உண்டு. பாடுகிறவர்களின் சுருதி பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் விலகுகிறது. ஆகவே சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அந்த இடங்களைத் தனியே மெதுவாகப் பாடிப் பார்த்து, அதன்பின் முழு மெட்டையும் வாய் மூடி முனகி, அது தானாக வரும் நிலையில் சொற்களைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சொற்களோடு தொடங்கினால் யேசுதாஸின் குரலைப் போலச் செய்யத்தான் மனம் போகும். அந்தக் கனமான குரல் அவருக்கு மட்டுமே வாய்த்தது.

சுருதியைப் பல்லவியை வைத்து முடிவு செய்யக் கூடாது. சரணத்தில் குரல் மேலே ஏறும் இடத்தை முதலில் பாடிப் பார்த்து, அங்கே தொண்டை இறுகாத சுருதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ மைனர், டி மைனர், இ மைனர், எஃப், ஜி, சி ஆகிய ஆறு கார்டுகளும் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கும் கூட்டுகள்) நடபைரவியின் சுரங்களுக்குள்ளேயே அடங்கும். உங்கள் சுருதி ஒரு கட்டை (சி) என்றால், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை கிட்டார் கழுத்தின் மூன்றாவது ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு), இரண்டு கட்டை (டி) என்றால் ஐந்தாவது ஃப்ரெட்டிலும் பொருத்தி, ஏ மைனரை ஆதாரமாகக் கொண்டு அதே கை வடிவங்களில் வாசிக்கலாம். எஃப் கார்டைப் பிடிக்க விரல் வலிக்கும் புதியவர்கள் எஃப் மேஜர் செவனைப் பிடித்துக்கொள்ளலாம், ராகம் கெடாது.

வலது கைக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். கிட்டார் மீட்டலில் தொடங்கும் பாடல் என்பதால், முதல் சில நொடிகளில் கூட்டம் அதை அடையாளம் கண்டு அமைதியாகிவிடும், அல்லது பேசத் தொடங்கிவிடும். மணிக்கட்டைத் தளர்த்தி, பாடும் வரிகளில் மெல்லவும், வரிக்கும் வரிக்கும் நடுவே சற்று அழுத்தியும் மீட்ட வேண்டும். வேகம் மட்டும் கூடிவிடக் கூடாது; கைதட்டல் கேட்டதும் கை தானாக ஓடும் என்பதால் வீட்டில் சீரான வேகத்தில் தட்டொலி தரும் மெட்ரோனோமுடன் பழகுவது அவசியம்.

ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டுக் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று ஸ்டீல் கம்பிகளை விரைவில் துருப்பிடிக்க வைக்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து கிட்டாரை உறையில் வைக்க வேண்டும். கச்சேரிக்கு முந்தைய நாளே புதுக் கம்பி மாட்டினால் அது இழுபட்டு நிலைக்க நேரம் கிடைக்கும்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், இதைக் கடைசிப் பாடலாக வைத்துக்கொண்டு நேரம் தவறிப் பாதியில் நிறுத்துவதைவிட, ஒன்பது மணியளவில் பாடிவிடுவது நல்லது.

பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் உரிமையாளரின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். புதிய படம் ஒன்றில் இந்தப் பாடலை மறுபடி பயன்படுத்தியது தொடர்பான வழக்கில், உரிமை ஒலிப்பதிவு நிறுவனமான சரிகமவிடம் இருப்பதாகவே 2025இல் டெல்லி உயர் நீதிமன்றம் முதல்நோக்கில் கருதியது. மேடையில் பாடலை அறிவிக்கும்போது இசையமைப்பாளரையும் பாடகரையும் சொல்லிவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கங்கை அமரன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மீட்டலைத் தொடங்குங்கள்.