பண்டிகைத் திகில் படம்: வேலூர்ப் பக்கம் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பண்டிகைக்கு ஒரு குட்டிக் கதை என்று ஆந்தாலஜி திகில் படம் எடுக்க வேலூர்ப் பக்கம் சரக்குக்குப் பஞ்சமில்லை. அங்காளம்மனுக்கு மயானத்தில் நடக்கும் மயானக் கொள்ளை, கெங்கையம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் குடியாத்தம் சிரசு, போகி, கார்த்திகை தீபம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பலர் சறுக்குவது வானத்தில்.

மயானக் கொள்ளை மாசி அமாவாசையை ஒட்டி வருவது. பாலாற்றுக்கு மேல் முழுநிலாவைத் தொங்கவிட்டால் ஊர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவன் அப்புறம் பயப்பட மாட்டான். நிலா வேண்டுமா, கார்த்திகை தீபத்துக்கு வையுங்கள். சிரசு வைகாசி 1, போகி மார்கழிக் கடைசி. இரண்டும் சூரியக் கணக்கு என்பதால் நிலா ஆண்டுக்காண்டு மாறும். கதை நடக்கும் ஆண்டின் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அங்காளம்மனையே பேயாக்குவது. காளி வேடம் கட்டி வருகிறவர் நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர். அவரைக் கொலைகாரனாகக் காட்டினால் கோபம்தான் வரும், பயம் வராது. பயம் கட்டுப்பாட்டை மீறுவதில் இருக்கிறது. காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு ஒருவன் கடைசிப் பஸ்ஸில் பெங்களூருக்கு ஏறுகிறான். ஆம்பூர் தாண்டும்போது காய்ந்த கயிறு ஈரமாகிறது. இவ்வளவு போதும், ஒரு சொட்டு ரத்தம் வேண்டாம்.

கதைகளை ஜனவரியிலிருந்து அடுக்கினால் மயானக் கொள்ளை இரண்டாவதாக வந்து, மீதி சப்பென்று போகும். சித்திரையில் தொடங்கும் நம் ஆண்டுப்படி அடுக்குங்கள்: சிரசு, கார்த்திகை, போகி, கடைசியில் மயானக் கொள்ளை. கதைக்கு 25 நிமிடம், கதைகளை இணைக்கும் காட்சிகளுக்கு மொத்தம் 10. நான்கும் ஒரே மாதிரி 'டமார்' என்று முடிந்தால், மூன்றாவதிலேயே ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.

நிஜத் திருவிழாவில் வசனக் காட்சி வைக்காதீர்கள். பம்பையும் உடுக்கையும் நடிகரின் குரலை விழுங்கிவிடும். அன்று கூட்டத்தைத் தூரக் காட்சியாக மட்டும் எடுங்கள். க்ளோசப்பை இன்னொரு நாள், அதே பொழுதில், இருபது பேரோடு ஆற்று மணலில் எடுத்துக்கொள்ளலாம். பம்பையைத் தனியாகப் பதியுங்கள்; ஒலிப்பதிவு மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். காட்சிக்குக் காட்சி அதை அடிக்கவிடாதீர்கள், அது சட்டென்று நிற்கும் இடத்தில்தான் வயிறு கலங்கும்.

சீரியல் விளக்குகள் திரையில் பட்டை பட்டையாக மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/50 நொடி. 24 ஃபிரேம்தான் வேண்டுமென்றால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி. சிரசு வருவது மே மாத வெயிலில். பூசிய மஞ்சள் வழிந்துகொண்டே இருக்கும், ஷாட்டுக்கு ஷாட் போட்டோ எடுத்து வையுங்கள்.

எருது விடும் விழாக் காளையோ கோழியோ, விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். எடுத்துவிட்டு ஓடினால் தணிக்கையில் அந்தக் கதையே மாட்டிக்கொள்ளும். வேலூர்க் கோட்டைக்குள் கேமரா வைக்க இந்தியத் தொல்லியல் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.