மணிப்பூரில் எரிந்த வீட்டுக்குத் திருப்பூரில் புகார் கொடுப்பது எப்படி?

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சொந்த ஊர் மணிப்பூர். 2023 மே 3-ம் தேதி அங்கே மெய்தேய், குக்கி-ஜோ மக்களிடையே கலவரம் வெடித்தது. இரு பக்கமும் துப்பாக்கி தூக்கியவர்கள் இருந்தார்கள். நடுவில் மாட்டியது ஊர்ச்சனம். 250 பேருக்கு மேல் செத்தார்கள், சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். இவளுடைய வீடு எரிந்தது, தம்பிக்குக் காலில் குண்டுக்காயம். அவள் எந்தத் தரப்பு என்று எழுதப்போவதில்லை. யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான்.

உங்கள் யூனிட்டிலோ லைன் வீட்டிலோ இப்படி யாராவது இருந்தால் உதவும் என்று, நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் எழுதுங்கள்

ஸ்டேஷன், வக்கீல் எல்லாம் அப்புறம். பார்த்தது என்ன, கேட்டது என்ன, பிறர் சொல்லித் தெரிந்தது என்ன என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் உட்கார்ந்து இதைத்தான் சொதப்பினோம். "அவங்கதான் வந்து கொளுத்தினாங்க, அண்ணா" என்றாள். நானும் அப்படியே எழுதிவிட்டேன். திரும்பக் கேட்டபோது, கொளுத்தியவர்களை அவள் பார்க்கவே இல்லை. கேட்டது துப்பாக்கிச் சத்தம், பார்த்தது மேட்டிலிருந்து புகை. ஆளை அடையாளம் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினோம். பக்கத்து வீட்டுக்காரர் தனி சாட்சி, அவர் பெயர் தனியாக வர வேண்டும்.

நேரம் நினைவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள். "உலை வைத்திருந்தேன், இன்னும் இருட்டவில்லை" என்று அவள் சொன்னதை அப்படியே போட்டோம். பாதிக்கப்பட்டவருக்கு வரும் மொழியில் முதலில் எழுதச் சொல்லுங்கள், தமிழ் பெயர்ப்பைப் பின்னால் இணையுங்கள். இத்தனை நாள் ஏன் புகார் கொடுக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். முகாமில் இருந்தது, மாதக்கணக்கில் இன்டர்நெட் முடக்கப்பட்டது எல்லாம் நியாயமான காரணங்கள். தாமதத்துக்கு விளக்கம் இல்லாத புகாரைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் குடைவார்.

படி 2: போனைத் தொடாதீர்கள்

படம் எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, அதுதான் மூலச் சான்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள், பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். காயம் பட்டவர் என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே. வீடு என்றால் ரேஷன் கார்டு, கரண்ட் பில், முகாமில் கொடுத்த சீட்டு. பாலியல் கொடுமை சம்பந்தப்பட்ட வீடியோ இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

படி 3: ஜீரோ எஃப்.ஐ.ஆர்.

குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது. இங்கே பதிவு செய்து, சம்பவம் நடந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்பி வைப்பார்கள். நடந்தது 2023-ல் என்றால் குற்றப்பிரிவுகள் பழைய இ.பி.கோ.படிதான் போடுவார்கள், குழம்ப வேண்டாம்.

நாங்கள் முதலில் போன இடத்தில், "அது அந்த ஊரு கேசுங்க, அங்கயே போய்க் குடுங்க" என்றார்கள். சண்டை போடாதீர்கள். பிரிவு எண்ணைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்படியும் வாங்கவில்லை என்றால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். திருப்பூர், கோவை, சேலம் மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனருக்கு. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். எங்களுக்குத் தபாலிலேயே வேலை முடிந்தது. ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

பதிவானதும் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. கையெழுத்துப் போடும் முன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்திக்கும் தமிழுக்கும் நடுவில் அர்த்தம் மாறுவது இந்த இடத்தில்தான். இவளுடைய "சத்தம் கேட்டேன்" ஒருமுறை "சுட்டதைப் பார்த்தேன்" ஆகிப்போனது, நல்லவேளை கண்ணில் பட்டது.

படி 4: காசில்லாமல் வக்கீல்

1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவு. இலவச சட்ட உதவி யார் யாருக்கு என்ற பட்டியலில் இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பெண்களும் பழங்குடியினரும் எப்படியும் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், இல்லாவிட்டால் 15100-க்கு போன் போடுங்கள்.

மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாமே என்பார்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் என்றால் சரி, அதற்கு மேல் அவர்கள் எடுக்க முடியாது. 2023 சம்பவங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

படி 5: நிவாரணம் வேறு, வழக்கு வேறு

இறந்தவர் குடும்பத்துக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் அறிவித்தன. அதை வாங்கினால் வழக்கை விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் மூன்று முன்னாள் பெண் நீதிபதிகள் கொண்ட குழுவை அமைத்தது நிவாரணத்தையும் மறுவாழ்வையும் பார்க்கத்தான். குற்ற விசாரணை தனியாக ஓடுகிறது. சி.பி.ஐ. எடுத்த வழக்குகளை அசாமின் குவாஹாட்டிக்கு மாற்றி, ஆன்லைனில் ஆஜராகவும் அனுமதி கொடுத்தார்கள். உங்கள் வழக்கு அந்தப் பட்டியலில் உண்டா என்று வக்கீலைக் கேளுங்கள்.

படி 6: விடாமல் கேளுங்கள்

நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கில் 2023 மே 18-ல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு, அது உரிய ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர ஜூன் 21 ஆனது. அதுவும் மணிப்பூருக்குள்ளேயே. அப்படி இருக்க, திருப்பூரிலிருந்து போகிற காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே புது எஃப்.ஐ.ஆர். எண் விழுந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் விழவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, சாயங்கால டீ டைமில், கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று அவள் போன் போடுகிறாள். யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று தேதி போட்டு அதே நோட்டில் எழுதி வைக்கிறோம். யாரும் எடுக்கவில்லை என்றால் அதையும்.